மாற்றி ஊற்றிய தண்ணீர்

கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அங்கிருந்து வரும் தண்ணீரை ஆறு வருடங்களாகக் கையால் தூக்கி அடுக்கி வருகிறேன். ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தல்களில், பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே, நீலப் பெட்டிகளில் அது வரும். நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், பனிப்பாறைகள் மிதந்து போகிற கடலில் அந்த மேடை நிற்கிறதாம். அங்கிருந்து ஹெலிகொப்டரில் கரைக்கு, பிறகு விமானத்தில் ரொறன்ரோவுக்கு, கடைசியாக ஒரு வான் வண்டியில் எங்கள் ஆய்வுகூடத்தின் பின்கதவுக்கு. பின்கதவில் நான் நிற்பேன்.

ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மோர்னிங்சைட்டில் பஸ்ஸை விட்டிறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு நீளமான கட்டடம். ஒரு பக்கம் கட்டில் மேசைத் தளபாடக் களஞ்சியம், மறுபக்கம் கார் திருத்துமிடம், நடுவில் நாங்கள். பெட்டியைத் திறந்து போத்தல்களை எண்ணுவது, படிவத்தில் பதிவது, குளிர் அறையில் அடுக்குவது, சோதனை முடிந்த போத்தல்களைக் கழுவுவது, இவைதான் என் வேலை. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பிடித்திருந்தது. அதிகம் பேசத் தேவையில்லை என்பதால் இன்னும் பிடித்திருந்தது.

அந்தத் தண்ணீர் என்ன என்று எனக்குச் சொன்னவர் எங்கள் வேதியியலாளர். மட்டக்களப்புப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அண்ணன் என்பார், நான் தங்கச்சி என்பேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் கரண்டியோடு எல்லாவற்றையும் விளக்குவார். கடலுக்கு அடியில் இருந்து எண்ணெய் தனியாக ஏறி வருவதில்லை. பாறைக்குள் காலங்காலமாக அடைந்து கிடந்த தண்ணீரும் அதோடு சேர்ந்து சுடச்சுட வரும். கிணறு பழசாகப் பழசாக எண்ணெய் குறையும், தண்ணீர் கூடும். எண்ணெயைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சும் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பக் கடலில் விடுகிறார்கள். அதில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. மேடையில் ஒருவர் கருவி வைத்து ஒவ்வொரு நாளும் அளப்பார். அவர் அளப்பது சரிதானா என்று பார்க்க இடைக்கிடை எங்களுக்கும் ஒரு போத்தல் அனுப்புவார்கள்.

“குளிர் கூடக் கூட இது கஷ்டம் அண்ணன்,” என்றார் ஒருமுறை. “எண்ணெய்த் துளி சோம்பேறியாப் போயிடும். மேல மிதந்து வர மாட்டன் எண்டு அடம்பிடிக்கும்.”

“என்னை மாதிரி,” என்றேன். குளிர்காலத்தில் காலையில் எழும்ப எனக்கும் அடம்தான்.

அந்த மேடையில் தண்ணீரைச் சுத்தம் செய்ய இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலில் ஒரு பெரிய தொட்டியில் தேங்கவிட்டு எண்ணெயை மிதக்க வைப்பார்கள். பிறகு இரண்டாவது தொட்டியில் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகளை விட்டு, மிதக்க மறுக்கும் துளிகளையும் மேலே கிளப்புவார்கள். நான் இங்கே சொல்ல வந்த குளிர்காலத்தில் அந்த இரண்டாவது தொட்டி இல்லாமலே சமாளிக்கலாமா என்று கம்பனி பரீட்சித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பனியிலும் காற்றிலும் அதைப் பராமரிப்பது பெரிய தொல்லையாம். ஆகவே அந்தக் குளிர்காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலான போத்தல்கள் வந்தன.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் கோப்பை கழுவினோம். மற்ற ஐந்து பேரும் ஒவ்வொரு வழியாக வெளியே போய்விட்டார்கள். நான் ஒரே உணவகத்தில் பதினேழு வருடம் கழுவினேன். அங்கே ஒரு சட்டம் இருந்தது. விளிம்பு உடைந்த கிளாஸோ கறை படிந்த கோப்பையோ மேசைக்குப் போகக்கூடாது. போனால் பரிமாறுகிறவர் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வருவார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தொட்டியடியில் நிற்கிறவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு ஒருவர் பார்த்தாலே போதும், காது சூடாகிவிடும். அதனால் பதினேழு வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் என் கோப்பை திரும்பி வந்ததில்லை.

அந்தக் கைகளோடுதான் நான் ஆய்வுகூடத்துக்கு வந்தேன்.

குளிர்காலத்துப் பெட்டிகளில் போத்தல்கள் பார்க்கக் கூடாத கோலத்தில் வரும். வெளியே கரிய எண்ணெய் பூசியிருக்கும். உப்பு வெள்ளையாகப் படர்ந்திருக்கும். ஈரத்தில் லேபல் பாதி கழன்று தொங்கும். சிலவற்றில் கழுத்து விளிம்பில் ஒரு சின்னத் துண்டு பெயர்ந்திருக்கும். அப்படியான ஒன்றைத் தங்கச்சியின் மேசைக்குக் கொண்டுபோக என் மனம் ஒப்பவில்லை. அதே அளவு, அதே வகைப் புதுப் போத்தல்கள் அலமாரி நிறைய இருந்தன. தண்ணீரை ஒரு துளி சிந்தாமல் புதுப் போத்தலுக்கு மாற்றினேன். லேபலில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து என் கையால் புதிதாக எழுதி ஒட்டினேன். படிவத்தில் ‘வந்தபோது போத்தலின் நிலை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘நன்று’ என்று போட்டேன். நான் போடும் நேரத்தில் அது உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது.

தங்கச்சி ஒருநாள் சொன்னார், “அண்ணன் வந்த பிறகுதான் எங்கட லாப் ஒரு லாப் மாதிரி இருக்கு.” அந்த வார்த்தையை நான் ஒரு கிழமை மனதுக்குள் வைத்திருந்தேன்.

சுவரில் செய்முறைத் தாள்கள் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று அவற்றை வாசித்ததாகக் கையெழுத்திட்டேன். உண்மையில் பாதிதான் வாசித்தேன், அதிலும் பாதி விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். தங்கச்சி சோதனை செய்யும்போது போத்தலில் இருந்த தண்ணீரைப் பெரிய கண்ணாடிப் புனலுக்குள் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலுக்குள் எண்ணெயைக் கரைக்கிற ஒரு திரவத்தை விட்டுக் குலுக்குவார். பிறகு அதையும் புனலுக்குள் ஊற்றுவார். நான் அதை எத்தனையோ தரம் கண்ணால் கண்டிருக்கிறேன். கழுவ வேண்டியவன் நான் என்பதால், எனக்கு வேலை சுலபமாகட்டும் என்று முதல் தண்ணி அவரே அலசிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல பிள்ளை என்றும் நினைத்தேன்.

பெப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை தொலைபேசி வந்தது. தங்கச்சியின் இரண்டு கையிலும் உறை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். நான் பக்கத்தில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். மேடையில் தண்ணீர் அளக்கிற மனிதர் பேசினார். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

“என் அன்பே,” என்று தொடங்கினார். அந்தப் பக்கத்து ஆட்கள் கடைக்காரியையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். தங்கச்சி வாயை மூடிச் சிரித்து, என் பக்கம் திரும்பித் தமிழில், “என்ர மனுசன் கேட்டா என்ன நடக்கும்?” என்றார்.

அந்த மனிதர் சிரிக்கிற நிலையில் இல்லை. இரண்டாவது தொட்டியை நிறுத்தியதில் இருந்து தன் கருவி கூடுதலான எண்ணெய் காட்டுகிறது என்றார். எங்கள் அறிக்கைகளோ பாதி நாள் குறைவாகக் காட்டுகின்றன. கம்பனி எங்கள் அறிக்கையைத்தான் நம்புகிறது. கருவியை இரண்டு முறை திருத்தக் கழற்றி அனுப்பியாயிற்று, அதில் ஒரு பிழையும் இல்லை. இப்போது பிழை தன்னில் என்கிறார்கள்.

“எனக்குத் தண்ணீர் எடுக்கத் தெரியாதாம். இருபது வருடமாக எடுக்கிறேன். அடுத்த கிழமை வெள்ளி என் தவணை முடிந்து கரைக்குப் போகிறேன். திரும்பி வர வேண்டாம், வேறு ஆள் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். என் அளவுகள் எல்லாம் மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.”

தங்கச்சி அன்று பிற்பகல் முழுவதும் தேடினார். தராசைப் பார்த்தார், திரவத்தைப் பார்த்தார், கணக்கைத் திரும்பப் போட்டார். கடைசியில் என்னிடம் வந்தார்.

“அண்ணன், போத்தில் ஏதும் உடைஞ்சு, கசிஞ்சு வந்ததா?”

“கசிஞ்சு ஒண்டும் வரேல்லை,” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் கேள்வியில் ‘உடைஞ்சு’ என்றும் இருந்தது. நான் பின் பாதிக்கு மட்டும் பதில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு முழுதாகத் தெரியாது. விளிம்பு உடைந்தது ஒரு பெரிய விஷயமா, அதைத்தான் நான் சரிக்கட்டிவிட்டேனே என்று நினைத்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் வீட்டில், நான் சமையலறையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் முடிந்திருந்தது. குப்பைக்குள் போட்டேன். போட்ட வேகத்திலேயே மனைவி அதை வெளியே எடுத்தார்.

“என்னப்பா செய்யிறியள்? இதுக்குள்ள இன்னும் ரெண்டு நாளைப் பொரியலுக்கு எண்ணெய் கிடக்கு.”

“வெறும் போத்தில் அது. கவிட்டுப் பாத்தனான், ஒண்டும் வரேல்லை.”

“கவிட்டா வருமே இந்தக் குளிருக்கு? சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டெல்லோ நிக்குது!” போத்தலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கினார். “உங்களிட்ட ஒரு போத்திலைக் குடுத்தா கழுவத்தான் தெரியும். பாக்கத் தெரியாது.”

சற்று நேரத்தில் கண்ணாடிச் சுவரில் இருந்த வெள்ளைப் படலம் இளகி வழிந்தது. அடியில் ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் சேர்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி வெறும் போத்தலுக்குள் திரவம் விட்டுக் குலுக்கிய காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. அது கழுவல் இல்லை. சுவரில் ஒட்டிய எண்ணெயைத்தான் அவர் அலசி எடுத்திருக்கிறார். பாறைக்குள் இருந்து சூடாக வந்த தண்ணீர் பெட்டிக்குள் குளிர்ந்து உறையும் நிலைக்கு வர, எண்ணெய் போய்ச் சுவரைப் பிடித்திருக்கிறது. நான் தண்ணீரைப் புதுப் போத்தலுக்கு மாற்றிவிட்டு, எண்ணெய் ஒட்டிய பழைய போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறேன்.

“என்ன, எண்ணெயைக் காணாத ஆள் மாதிரி?” என்றார் மனைவி.

கதிரையில் இருந்துகொண்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து இருந்தார்.

“அந்த மனுசனுக்கு எப்ப கடைசி நாள்?” என்று மட்டும் கேட்டார்.

“வாற வெள்ளி.”

“அப்ப திங்கள் சொல்லுங்கோ. செவ்வாய்க்கு விட்டா நீங்கள் சொல்ல மாட்டியள். எனக்கு உங்களைத் தெரியும்.”

ஞாயிறு முழுவதும் எனக்கு ஒரு யோசனை திரும்பத் திரும்ப வந்தது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஓர் எண் கூடினால் ஆயிரம் பேர் கேட்பார்கள். குறைந்தால் எல்லோருக்கும் சந்தோசம். கம்பனிக்குச் சந்தோசம், எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை. கடலில் நிற்கிற ஒரே ஓர் ஆள்தான் அது பிழை என்கிறார், அவரும் வெள்ளிக்கிழமை போய்விடுவார். பிறகு மேடையிலும் கேட்க ஆள் இல்லை. இந்த யோசனை எவ்வளவு வசதியாக இருந்ததோ அவ்வளவுக்கு எனக்குப் பயமாகவும் இருந்தது.

திங்கள் காலை கழுவும் தொட்டியடியில் ஒரே ஒரு போத்தல் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை விளிம்பு உடைந்து வந்தது. தண்ணீரை வழக்கம்போல மாற்றியிருந்தேன். இதைக் கழுவ நேரம் கிடைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய மண்ணிறப் படலம். அதைத் தங்கச்சியின் மேசையில், அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

“என்ன அண்ணன் இது? கழுவாத போத்தில்? உங்களுக்குச் சுகமில்லையா?”

நான் சொன்னேன். நின்றபடி, அவருடைய காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடிய அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“எத்தனை?”

“தெரியாது. அழுக்கா வந்த எல்லாம்.”

“எப்ப இருந்து?”

“ஒவ்வொரு குளிர்காலமும். முந்தி ஒண்டு ரெண்டுதான். இந்த முறைதான் கன பெட்டி.”

“வியாழக்கிழமை நான் கேட்டேனே, அண்ணன்.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நான் அந்த மனுசனிட்ட எங்கட பக்கம் எல்லாம் சரி எண்டு சொன்னன்.”

போத்தலுக்குள் திரவத்தை விட்டுக் குலுக்கினார். திரவம் தேநீர் நிறத்துக்கு வந்தது. சின்னக் கிண்ணத்தில் அதை ஆவியாகப் போகவிட்டு, அடியில் ஒட்டியதைத் தராசில் நிறுத்தார். தாளில் எழுதினார்.

பிறகு அந்தக் குளிர்காலத்துச் சோதனைத் தாள்களை எடுத்து வந்தார். ஒவ்வொரு சோதனைத் தாளிலும் அந்தப் போத்தலின் லேபலைக் கழற்றி ஒட்டி வைப்பது எங்கள் வழக்கம். தாள்களை மேசையில் பரப்பினோம். எதில் என் கையெழுத்து, எதில் அந்த மனிதரின் கையெழுத்து என்று பார்க்க ஒரு பார்வை போதும். அவருடையது சாய்ந்த பெரிய எழுத்து, நடுங்கும் மேடையில் நின்று எழுதியது. என்னுடையது பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதியது போல உருண்டையாக, அழகாக இருந்தது. அவர் அனுப்பிய அளவுகளைத் தங்கச்சி ஒவ்வொன்றாகப் பக்கத்தில் எழுதினார். அவர் கையெழுத்து இருந்த தாள்களில் எங்கள் எண்ணும் அவருடைய எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. என் கையெழுத்து இருந்த எட்டுத் தாள்களிலும் எங்கள் எண் குறைவு. ஒன்றுகூட விதிவிலக்கில்லை.

“இந்த மனுசன் ஒருநாளும் பிழையா அளக்கேல்ல,” என்றார் தங்கச்சி.

அவரே மேலாளரிடம் போனார். கதவு மூடியிருந்தது, நான் வெளியே நின்றேன். அறிக்கைகளைத் திரும்பப் பெற்றுக் கம்பனிக்குக் கடிதம் எழுதுவதாக முடிவானது. கடிதம் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து மேடைக்குப் போகக் கிழமைக்கணக்காகும். அதற்குள் வெள்ளி வந்துவிடும்.

“நான் போன் எடுத்துச் சொல்லுறன். மேலாளர் ஓம் எண்டிட்டார்,” என்றார். “நீங்க பக்கத்தில நிண்டாப் போதும்.”

“இல்லை,” என்றேன். “நான் கதைக்கிறன்.”

“இங்கிலிசிலயா?”

“றெஸ்ரோறன்ற் இங்கிலிசு.”

அன்றைக்கு முதல்முறையாக அவர் கொஞ்சம் சிரித்தார்.

செவ்வாய் பத்து மணிக்கு இணைப்புக் கிடைத்தது. நான் தாளில் எழுதி வைத்திருந்தேன், ஆனால் வாசிக்கவில்லை. பின்கதவில் பெட்டி திறக்கிறவன் நான் என்றேன். உங்கள் போத்தல்கள் அழுக்காக வந்தபோது தண்ணீரை வேறு போத்தலுக்கு மாற்றினேன், எண்ணெய் பழைய போத்தலில் நின்றுவிட்டது, நான் அதைக் கழுவிவிட்டேன், உங்கள் அளவு சரி, எங்கள் எண்தான் பிழை என்றேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு கதவு மூடப்பட்டு இயந்திர இரைச்சல் குறைந்தது.

“ஏன் மாற்றினாய்?” என்று கேட்டார் அவர்.

“அழுக்காக இருந்தது. அழுக்கான போத்தலை மேசைக்கு அனுப்பக் கூடாது என்று நினைத்தேன்.”

“இங்கே அழுக்கில்லாமல் ஒன்றுமே இல்லை, மகனே,” என்றார். பிறகு மெதுவாக, “மூன்று மாதமாக அந்தக் கருவியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னேன், எனக்குக் கண் தெரியவில்லை போல என்று,” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் ஏற்றாரா என்று தெரியாது.

“இதை எழுதி இப்போதே மேலே கொடுக்கப் போகிறேன். சொன்னவர் பெயர் வேண்டும். சும்மா ஆய்வுகூடம் என்று எழுதினால் இங்கே நம்ப மாட்டார்கள்.”

என் பெயரைச் சொன்னேன். நீளமான பெயர். அவர் முதல் பாதியோடு நின்றார். நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லி எழுதினார். நடுவில் ஓர் எழுத்தைப் பிழையாகச் சொன்னார். வழக்கமாக நான் அப்படியே விட்டுவிடுவேன். அன்று, “இல்லை, திரும்ப எழுதுங்கள்,” என்றேன். அவர் திரும்ப எழுதினார்.

கம்பனி அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே அவர் விஷயத்தில் தன் முடிவை மாற்றியது. ஓய்வு முடிந்து அவர் அதே மேடைக்குத்தான் திரும்பிப் போனார். இரண்டாவது தொட்டியைத் திரும்ப ஓடவிட்டார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், சுவரில் இருந்த தாள்களை வரிக்கு வரி தங்கச்சியோடு இருந்து வாசிக்க இரண்டு நாளும் கிடைத்தன. விளங்காத இடத்தில் கேட்டேன். நிறைய இடத்தில் விளங்கவில்லை.

ஆனால் மூன்று மாதம் அந்தத் தொட்டி நின்றிருந்தது. கூடுதலான எண்ணெய் தண்ணீரோடு கடலுக்குப் போயிருந்தது. அந்தக் கடல் எண்ணெயைச் சீக்கிரம் கரைக்கிற கடல் அல்ல, குளிருக்கு எல்லாம் அங்கே மெதுவாகத்தான் நடக்கும் என்று தங்கச்சி சொன்னார். எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டேன். அவர் கணக்குப் பார்க்கத் தாளை எடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கப் போனார்.

“வைக்க வேண்டாம், கணக்கைப் போடுங்கோ,” என்றேன். அவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தேன்.